ஆயிலர் முணுமுணுத்த பாட்டு

2016இல் ஒரு பல்க் கேரியர் சரக்குக் கப்பலில் நான்காம் இன்ஜினியராக இருந்தேன். என்னோடு எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை வாட்ச் (காவல் முறை) பார்த்த ஆயிலர், அதாவது எஞ்சின் அறை ஊழியர், பிலிப்பைன்ஸ்காரர், என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையரைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போதெல்லாம் ஏதோ பாடிக்கொண்டே இருப்பார். எஞ்சின் சத்தத்தில், காதில் மஃப்பும் மாட்டியிருக்கும் எனக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை இரவு மெஸ்ஸில் கரோக்கி வைத்தபோதுதான் அது ‘பாரே கோ’ என்ற பாட்டு என்று தெரிந்தது. அவர் மைக்கை எடுத்ததும் சமையல்காரரிலிருந்து டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன் வரைக்கும் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், திரையைப் பார்க்காமலே.

‘பாரே’ என்றால் என்ன என்று கேட்டேன். தன் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவரைக் குறிக்கும் உறவுச் சொல்லாம், இப்போது நண்பர்கள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடுகிறார்கள். அட, நம்ம ‘மச்சான்’ மாதிரியேதான். ஒரு பெண்ணால் மனம் நொந்தவன் தன் மச்சானிடம் புலம்புகிற பாட்டு அது. புலம்பலில் வருகிற கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு வானொலிக்கென்று தனியாக ஒரு வடிவம் செய்ய வேண்டியிருந்ததாம்.

டிலிமனில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு பேர், ஏலி புவேந்தியா, ரேமண்ட் மரசிகான், பட்டி சபாலா, மார்கஸ் அடோரோ, இவர்கள்தான் அந்தப் பாட்டைப் பாடிய இரேசர்ஹெட்ஸ் இசைக்குழு. 1993இல் வந்த ‘அல்ட்ராஎலக்ட்ரோமேக்னெடிக்பாப்!’ அவர்களுடைய முதல் ஆல்பம். அந்த நீளமான பெயர் ‘வோல்டஸ் ஃபைவ்’ என்ற ஜப்பானிய ரோபோ கார்ட்டூனில் வரும் ஆயுதத்தின் பெயரைச் சற்றே மாற்றி வைத்தது. 1979இல் பிலிப்பைன்ஸில் மார்கோஸ் அரசு அந்தத் தொடரைத் தடை செய்தபோது கடைசி அத்தியாயங்கள் இன்னும் வந்திருக்கவில்லை. முடிவு தெரியாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எங்கள் ஆயிலரும் ஒருவர். அந்தப் பிள்ளைகள் கல்லூரி வயதுக்கு வந்தபோது அந்தப் பெயரோடு ஒரு கேசட் கடைக்கு வந்தால் வாங்காமல் இருப்பார்களா?

பெயர் மட்டும் போதாது, பாட்டுகளும் அவர்கள் பேசிய பேச்சிலேயே இருந்தன. ‘லிகாயா’வில் காதலன், உனக்காக எதுவும் செய்வேன், உன் தீசிஸைக்கூட எழுதித் தருவேன் என்கிறான். நிலவும் நட்சத்திரமும் கொண்டுவருகிறவனை விட இவனைத்தான் எனக்குப் பிடித்தது.

ஆனால் மெஸ்ஸில் அதிகம் கேட்டது ‘நேனாக்கா கடை’ என்று நாம் சொல்லக்கூடிய பாட்டுதான். வினிகர் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போகிறவன் கடைக்காரம்மாவின் மகள் மேல் ஆசைப்படுகிறான். அவளோ கனடாவுக்குக் கிளம்புகிறாள், இவன் மூன்று நாள் முடங்கிக் கிடக்கிறான். கனடா என்ற சொல் வரும்போது எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

அந்த ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தபோது ஆயிலரின் மகளுக்கு, நர்சிங் முடித்தவள், கனடா விசா கிடைத்தது. அவள் மணிலாவில் விமானம் ஏறிய அன்று நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். அந்தச் சனிக்கிழமை யாரோ அதே பாட்டைப் போட்டார்கள், கனடா வரி வந்ததும் யாரும் மேசையைத் தட்டவில்லை. அவர் மைக்கை வாங்கி முழுதும் பாடி முடித்தார். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அவனுக்கு மூணு நாள்தான், பாரே” என்றார்.