ஆப்டிமஸ் ப்ரைமும் ஆற்காடு ரோடு ஜேசிபியும்

எங்க கீழ் வீட்டுல எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் இருக்கான், போன வருஷம் ஒரு நாள் நோட்டைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடி வந்து "அண்ணா, ஆப்டிமஸ் ப்ரைம் போட்டிருக்கேன், எப்படி இருக்கு"ன்னு நின்னான். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையில லாரியா மாறுற ரோபோ அது. நானும் நமக்குத்தான் ரெண்டு விஷயம் தெரியுமேங்கற திமிர்ல, கை நீளம் ஜாஸ்தி, தலை சின்னது, நிக்கிற மாதிரியே இல்ல, ஷேடிங் அழுக்கா இருக்குன்னு வரிசையா அடுக்கி, போதாக்குறைக்கு அவன் படத்து மேலயே தோளைத் திருத்தி வேற கொடுத்தேன். சரிங்கண்ணான்னு போனவன் மூணு மாசம் நோட்டோட வரல. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டான்னு அவங்க அம்மாதான் படியில பாத்தப்ப சொன்னாங்க. நான் திருத்தினது பேனாவுலங்க. பென்சிலா இருந்தாலாவது அழிச்சிருப்பான்.

அப்புறம் நானே போய், இப்ப என்னடா வரையுறன்னு கேட்டேன். பம்பிள்பீ, அதே கதையில காரா மாறுற ரோபோ. இந்தத் தடவை வாயை அடக்கிக்கிட்டு, "இதுல உனக்கே எது உதைக்குது?"ன்னு மட்டும் கேட்டேன், பாத்தா அவனே சொல்றான், "கை முட்டி மடங்குற மாதிரியே இல்லண்ணா." உண்மைதான், கை தண்ணி ட்யூப் மாதிரி வளைஞ்சு கிடந்துச்சு. சரி, இன்னிக்கு முட்டி மட்டும்தான், வேற எதுவும் பேசறதில்லன்னு முடிவு பண்ணி, ஆற்காடு ரோட்டுல மெட்ரோ வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஒரு ஜேசிபி தோண்டிக்கிட்டு இருந்துச்சு. இரும்பு எங்கயாவது வளையுதா பாருன்னேன். வளையாது, பின் போட்ட இடத்துல மட்டும்தான் திரும்பும், பக்கத்துல பளபளன்னு ஒரு தண்டு சிலிண்டருக்குள்ள போயிட்டு வந்துட்டு இருக்கும், அது நீண்டா கை ஒரு பக்கம், உள்ள போனா எதிர்ப்பக்கம். அரை மணி நேரம் தூசி தின்னுட்டு வந்தோம், அன்னிக்கு ராத்திரி ஒரு பக்கம் முழுக்க வெறும் முட்டியா போட்டு வச்சிருந்தான்.

"சூப்பர்"னு சொல்லி அனுப்புறதும் உதவாது, அவன் அத்தை எல்லாத்துக்கும் சூப்பர்தான், அதனால அவங்ககிட்ட காட்டுறதையே விட்டுட்டான். காரணத்தோட சொன்னா ஏத்துக்கிறான். ஆப்டிமஸ் நெஞ்சுல இருக்கிற ரெண்டு ஜன்னலை டிவி மாதிரி ஒட்ட வச்சிருந்தான், அது லாரியோட முன் கண்ணாடிடா, உடம்பு திரும்பினா அதுவும் சேர்ந்து திரும்பணும்னு சொன்னதும் பிடிச்சுக்கிட்டான். ஷேடிங்கும் அப்படித்தான், விரலால தேய்ச்சுத் தேய்ச்சு மேகம் மாதிரி ஆக்கியிருந்தான், எவர்சில்வர் குடத்தைக் காட்டினேன், பளீர் வெள்ளைக்கு ஒட்டியே கன்னங்கரேல்னு ஒரு பட்டை இருக்கும், அதான் உலோகம். இப்பல்லாம் திருத்திக் காட்டணும்னா படத்து மேல பட்டர் பேப்பர் வச்சுத்தான் போடறேன், அவன் கோடு அவனோடதாவே இருக்கட்டும்.

எல்லாத்தையும் தப்புன்னும் சொல்லக்கூடாது. 1984 கார்ட்டூன்ல பம்பிள்பீ வோக்ஸ்வேகன் பீட்டில் கார், 2007 படத்துலதான் கமாரோ கார் ஆச்சு. இவன் பீட்டிலோட உருண்டை பானெட்டையும் கமாரோவோட கருப்புக் கோட்டையும் சேர்த்துப் போட்டிருந்தான். ரூல்ஸ் பேசுறவங்க திட்டுவாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, சொன்னேன்.

இப்ப பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி நச்சரிக்கிறான், கழட்டிப் போட்ட கியர்பாக்ஸைப் பக்கத்துல பாக்கணுமாம். ஹாஃப் இயர்லி முடியட்டும்னுட்டாங்க அவங்க அம்மா.