ஒளிப்பதிவாளரைத் திட்டும் முன்

"படம் முழுக்க ஒரே இருட்டு" என்று சண்டைக்குப் போகும் முன் புரொஜெக்டரைப் பாருங்கள். த்ரோ ரேஷியோ (திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது) 1.2 என்றால், மூலைக்கு மூலை 100 அங்குலப் படத்துக்கு, அதாவது 221 செ.மீ. அகலத்துக்கு, சுமார் 2.65 மீட்டர் தூரம் வேண்டும். ஓரமாக வைத்து, கோணலான படத்தை நேராக்கும் 'கீஸ்டோன்' வசதியில் நிமிர்த்தினால் பிக்சல் வீணாகும், சப்டைட்டில் மங்கும். மோடு 'சினிமா'வில் இருக்கட்டும். 'டைனமிக்'கில் முகங்கள் பச்சையடிக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரிய எதிரி ஈரம்தான். இரண்டு பருவமழை, குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. மாதக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல்நூலாகப் படரும். அப்புறம் கறுப்பெல்லாம் சாம்பல்தான். அதைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவை விமர்சிப்பது அநியாயம். இறுக்கமான டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், அவ்வப்போது ஓடவிடுங்கள். அணைத்ததும் சூட்டோடு மூடாதீர்கள், ஃபேன் நின்று நன்றாக ஆறட்டும்.