ரிபன் கட்டின கதிரையள்

நேற்று இரவு பத்தரைக்குத்தான் வவுனியா வந்து சேந்தனான். தலைமயிருக்குள்ள இன்னும் புழுதி கிடக்குது, ஆனா இதை இப்பவே எழுதாட்டி எனக்கு நித்திரை வராது. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில உதைபந்தாட்ட இறுதிப்போட்டி பாக்கப் போனனான். எந்த பஸ், எவ்வளவு காசு, எங்க சாப்பிடலாம் எண்டு ஒழுங்கா எழுதச்சொல்லி ரெண்டு மூண்டு பேர் கேட்டிருந்தவை, அப்பிடித்தான் எழுத வெளிக்கிடுறன்.

முதல் பஸ். காலமை ஏழரைக்கு ஏறினது ஒரு தனியார் பஸ், புளியங்குளத்தில திரும்பி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை எண்டு போறது. சீற்றுக்குள்ளால பஞ்சு வெளிய வந்து கிடக்குது, யன்னல் கண்ணாடி பாதியில இறுகி மேலயும் போகாது கீழயும் வராது, கச்சான் காத்து அடிக்கிற காலம் எண்டபடியா முழுப் புழுதியும் எங்கட வாய்க்குள்ளதான். நெடுங்கேணி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில ரேடியேற்றர் கொதிச்சு நிண்டிட்டுது, ஐம்பது நிமிசம். கண்டக்டரிட்டக் கேட்டா "இறங்கி நில்லுங்கோ" எண்டதைத் தவிர வேற ஒரு கதையும் இல்லை. கைக்குழந்தையோட வந்த பிள்ளைக்கு நிழல் தேடிக் குடுத்ததும் பயணியள்தான். ஆனா அந்த இடத்தில றோட்டுக்கரையில ஒரு அம்மா பாலைப்பழம் வச்சிருந்தவ, சுண்டு நூற்றைம்பது ரூபா. மஞ்சள் மஞ்சளா, வாயில போட்டாத் தேன்தான், பால் மட்டும் உதட்டில ஒட்டிப் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், தேங்காயெண்ணெய் பூசினாத்தான் போகும் எண்டு அந்த அம்மாவே சொன்னவ. ரெண்டு சுண்டு வாங்கினனான், இன்னும் ரெண்டு வாங்கியிருக்கலாம்.

அங்கதான் ஆர்ஜென்ரீனா ஜேர்சி போட்ட தம்பி ஒராளோட கதை தொடங்கினது. அவரும் அதே மேட்ச்சுக்குத்தான் வாறார். போன்ல 2025ல அமெரிக்காவில நடந்த கழகங்களுக்கான உலகக்கிண்ணத்தின்ர படங்களைக் காட்டினார். ஓர்லாண்டோவில தென்கொரியாவின்ர உல்சானும் தென்னாபிரிக்காவின்ர மமெலோடி சன்டவுன்சும் விளையாடின மேட்ச், 25,000 பேர் இருக்கக்கூடிய ஸ்ரேடியத்தில 3,412 பேர். அட்லாண்டாவில இங்கிலாந்தின்ர செல்சி விளையாடேக்க 70,000 பேருக்கு மேல கொள்ளுற இடத்தில 22,137 பேர். "அமெரிக்காக்காரருக்கு உதைபந்தாட்டம் தெரியாது அண்ணை" எண்டார் தம்பி.

எனக்கு உடன கோவம் வந்திட்டுது. இல்லைத் தம்பி, அதே அமெரிக்காவிலதான் 1994 உலகக்கிண்ணம் நடந்தது, 52 மேட்ச், சராசரி ஒரு மேட்ச்சுக்குக் கிட்டத்தட்ட 69,000 பேர், அந்தச் சராசரியை அதுக்குப் பிறகு கத்தார் வரைக்கும் ஒரு உலகக்கிண்ணமும் தாண்டேல்லை. 2025 கழகக் கிண்ணத்திலயும் செல்சி பிரான்சின்ர பிஎஸ்ஜியை 3-0க்கு அடிச்ச இறுதிப்போட்டிக்கு 81,118 பேர் வந்தவை. சனத்துக்கு ஆசை இல்லாமலில்லை. திங்கக்கிழமை மத்தியானம் மூண்டு மணிக்கு மேட்ச் வச்சா வேலைக்குப் போறவன் எப்பிடி வாறது? ரிக்கெற் விலையைத் தேவைக்கு ஏத்தமாதிரி ஏத்தி இறக்கிற முறையில வித்தவை, அரையிறுதி ஒண்டுக்கு 473 டொலருக்கு மேல போட்டிருந்த ரிக்கெற் கடைசியில 13 டொலர் சொச்சத்துக்கு வந்தது. அந்த 13 டொலரை முதலே போட்டிருந்தா எத்தினை குடும்பம் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும்? 2026 உலகக்கிண்ணத்துக்கு 48 அணி, 104 மேட்ச். எல்லாத்தையும் இந்த விலையில ஆர் நிரப்பிறது?

பஸ் வெளிக்கிட்டிட்டுது, கதை பாதியில நிண்டது.

முள்ளியவளையில இறங்கினா ஓட்டோ. இதைக் கட்டாயம் எழுத வேணும், ஏனெண்டா அங்க போறவை ஏமாறக் கூடாது. கிராமத்துக்கு ஐஞ்சு கிலோமீற்றர் வராது. ஓட்டோக்காரர் ஆயிரத்தி எண்ணூறு கேட்டார். அண்ணை, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ எண்டன். "இண்டைக்கு மேட்ச் நாள் தம்பி, இதுதான்" எண்டிட்டார். மேட்ச் நாள் எண்டாப் பெற்றோல் கூடக் குடிக்குமோ? நான் அந்தப் பயணத்துக்கு மொத்தமா எடுத்துக்கொண்டு வந்ததே ஐயாயிரம். ஜேர்சித் தம்பியும் நானும் பங்குபோட்டு ஆயிரத்தி நானூறு குடுத்தம், மனம் எரிஞ்சு எரிஞ்சுதான் குடுத்தம். போறவை முதலே தெரிஞ்ச ஆரையும் மோட்டசைக்கிளோட வரச்சொல்லுங்கோ.

ஆனா மைதானத்தைக் கண்ட உடன எல்லாம் மறந்துபோச்சு. கடல்மண், நடுவில மட்டும் கொஞ்சம் புல். கோல் கம்பத்தில கட்டியிருக்கிறது மீன்பிடி வலை, கிட்டப் போய்ப் பாத்தா ஒரு மூலையில மிதப்பு ஒண்டு கழட்டாமலே தொங்குது, பந்து வலைக்குள்ள போற நேரமெல்லாம் அது கம்பத்தில முட்டி டொக் எண்டு ஒரு சத்தம். சுத்திவரக் கயிறு, கயிறு முழுக்கச் சனம். லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டிக்குள்ள ஒரு குடும்பமே ஏறி நிக்குது, மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அம்மாமார் இருக்கினம், பூவரசில பெடியள். கச்சான் கடலை வித்த ஆச்சி, மேட்ச் தொடங்கினாப் பிறகு ஒருத்தருக்கும் விக்கேல்லை, அவவும் பாத்துக்கொண்டு நிண்டவ. நிக்க இடமில்லை எண்டுறது இதுதான். 1950 உலகக்கிண்ணத்தில பிரேசில் தங்கட மரக்கானா ஸ்ரேடியத்தில உருகுவேயிட்டத் தோத்த மேட்ச்சுக்கு 173,850 பேர் காசு குடுத்து வந்தவை எண்டு பதிவிருக்கு, அதில கனபேர் நிண்டு பாத்த சனம்தான்.

அப்பதான் அந்தக் கதிரையளைக் கண்டனான். மைதானத்தின்ர நடுக்கோட்டுக்கு நேரா, இருக்கிறதுக்குள்ள நல்ல இடத்தில, தகரப் பந்தல். அதுக்குள்ள முப்பது கதிரை, வெள்ளைத் துணி போட்டு, பின்னால நீல ரிபன் கட்டி. விருந்தினர் கதிரை. ஒருத்தரும் இல்லை. மூண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய மேட்ச்சை அவைக்காக முக்கால் மணித்தியாலம் பிந்தித் தொடங்கினவை, அப்பவும் வரேல்லை. ஒரு சின்னன், ஆறு வயசிருக்கும், ஓடிப்போய் ஓரத்துக் கதிரையில ஏறினான். அடுத்த நிமிசமே ஒராள் கையில பிடிச்சு இறக்கிவிட்டிட்டார். பெடியன் அழவும் இல்லை, துணியில பட்ட மண்ணைத் தானே தட்டிவிட்டிட்டுப் போனான்.

கத்தார் 2022 எனக்கு அப்பிடியே ஞாபகம் வந்தது. முதல் மேட்ச், கத்தாரும் எக்குவடோரும், 67,372 பேர் எண்டு அறிவிச்சவை, ரெண்டாவது பாதியில ரீவியில பாத்தாக் கதிரைதான் தெரிஞ்சது. அடுத்த நாள் இங்கிலாந்து ஈரான் மேட்ச், 40,000 பேருக்கான ஸ்ரேடியம் எண்டவை, 45,334 பேர் வந்தவை எண்டும் அறிவிச்சவை, ஆனா கண்ணுக்கு முன்னால வெறும் சீற். பிறகு ஸ்ரேடியத்தின்ர கொள்ளளவையே கூட்டிக் காட்டினவை. ஐவரி கோஸ்ற்றில 2024ல ஆபிரிக்கக் கிண்ணம் நடக்கேக்கயும் இதே பிரச்சினைதான், ரிக்கெற் முடிஞ்சுது எண்டினம், உள்ளுக்குப் பாத்தா வெறுமை. ரிக்கெற் போய்ச் சேந்த கை வேற, பாக்க ஆசைப்பட்ட கண் வேற. அனுசரணையாளருக்கு ஒதுக்கினது, பெரிய ஆக்களுக்கு ஒதுக்கினது, திருப்பி விக்கலாம் எண்டு வாங்கி வச்சிருந்தது எல்லாம் கணக்கில ஆளாத்தான் நிக்கும், கதிரையில ஆள் இராது. அதை இவ்வளவு நாளும் வெளிநாட்டுக்காரரின்ர வியாபாரம் எண்டுதான் நான் நினைச்சனான், நேற்று எங்கட பந்தலுக்குள்ளயே கண்டன்.

எனக்குப் பக்கத்தில ஐம்பது வயசு மதிக்கத்தக்க அண்ணை ஒராள். ஒரு கால் பொய்க்கால். கயிறைப் பிடிச்சபடி, பாரத்தை நல்ல காலில போட்டுக்கொண்டு நிக்கிறார், அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா இடுப்பைச் சரிச்சு நிலை மாத்துறார். என்னால பாத்துக்கொண்டு நிக்க ஏலேல்லை. ஏற்பாட்டுக் குழுப் பெடியன் ஒராளைக் கூப்பிட்டு, தம்பி, அவருக்கு அந்தக் கதிரை ஒண்டைக் குடுங்கோவன் எண்டு கேட்டன். "அண்ணை, குடுத்தாப் பிறகு அவை வந்தா எங்க இருத்துறது? வாற வருசம் கிண்ணத்துக்குக் காசு ஆரிட்டக் கேக்கிறது?" எண்டார். அந்தப் பெடியனில பிழை இல்லை. நெற்றியால வேர்வை ஓட ஓட காலமை தொடக்கம் வேலை செய்யிற பிள்ளை.

இடைவேளைக்கு நாலு பேர் வந்தவை. பொன்னாடை, பேச்சு, படம். ரெண்டாவது பாதி தொடங்கிப் பத்து நிமிசத்தில ரெண்டு பேர் வாகனத்தில ஏறிப் போயிட்டினம். 1-1ல பெனால்ரிக்குப் போற நேரம் அந்தப் பெடியன் தானா வந்து, "அண்ணை, வாங்கோ, இப்ப இருக்கலாம்" எண்டு பொய்க்கால் அண்ணையைக் கூப்பிட்டார். அண்ணை திரும்பிக்கூடப் பாக்கேல்லை. "விடு தம்பி, அங்க இருந்தாக் கோல் தெரியாது" எண்டார். உண்மைதான், சனம் முழுக்க அந்தக் கோல் பக்கமாத் திரண்டிட்டுது. ஐஞ்சாவது பந்து உள்ளுக்குப் போனது, மிதப்பு டொக் எண்டது, அதுக்குப் பிறகு ஆரும் கயிறுக்கு வெளியில இல்லை. அண்ணை என்ர தோளைப் பிடிச்ச பிடி இன்னும் நோகுது.

சாப்பாடு எழுத மறந்திட்டன். வெண்ட கழகத்துப் பெடியன் ஒராளின்ர வீட்டில குத்தரிசிச் சோறும் நந்திக்கடல் இறால் கறியும் முருங்கையிலை வறையும், ஜேர்சித் தம்பியையும் என்னையும் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் இருத்தினவை, காசு எண்டு வாயெடுக்கவே அந்த அம்மா பேசினவ. கடையில சாப்பிட எண்டு வச்சிருந்த எழுநூறு ரூபா மிச்சம். திரும்பி முள்ளியவளைக்கு மோட்டசைக்கிள்ல கொண்டுவந்து விட்டதும் அந்தப் பெடியன்தான், ஒரு சதம் வாங்கேல்லை. இருட்டினாப் பிறகு பஸ் குறைவு, நாங்கள் ஒண்டேகால் மணித்தியாலம் காத்து நிண்டுதான் ஏறினனாங்கள், சீற் இல்லை, நெடுங்கேணி மட்டும் நிண்டபடி வந்தம்.