காரணம்: குடும்பச் சூழல்

மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கென்று எங்கள் பள்ளியில் ஒரு பதிவேடு உண்டு. அதில் கடைசிக் கட்டம் 'விலகும் காரணம்'. பத்தொன்பது வருடமாக அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். கடைசி ஆறு வருடமாக அந்தப் பதிவேடு என் பொறுப்பு. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்தக் கட்டத்தில் ஒரே பதில்தான்: குடும்பச் சூழல். பெற்றோர் சொல்லி எழுதியதல்ல. நாங்களே போட்டுவிடுவோம். வம்பு இல்லாத பதில்.

என் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எப்படியும் யாராவது கேட்பீர்கள். என் மகள் படிப்பது தனியார் பள்ளியில். அவளை எங்கே சேர்ப்பது என்று நானும் மனைவியும் மூன்று வாரம் பேசினோம். நான் கொள்கை, கடமை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "உங்க ஸ்கூல்ல ஒண்ணாம் வகுப்புக்குத் தனியா டீச்சர் இருக்காங்களா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். இல்லை. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்து ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு அதோடு முடிந்தது.

அதனால் பெற்றோருக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பவர்களோடு சண்டைக்குப் போக எனக்கு யோக்கியதை இல்லை. 1955ல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதிய கட்டுரைதான் இந்த வாதத்துக்கு மூலம் என்று சொல்லலாம். கல்விக்கு அரசு பணம் தரட்டும், பள்ளியை அரசே நடத்த வேண்டியதில்லை. பணத்துக்கு ஈடான சீட்டை (வவுச்சர்) பெற்றோர் கையில் கொடுத்துவிட்டால் பிடித்த பள்ளிக்குப் போவார்கள், மோசமான பள்ளி ஒன்று திருந்தும், இல்லையென்றால் மூடப்படும். படிக்கும்போது சரியென்றுதான் படுகிறது. சட்டையைக் கெடுத்த தையற்காரரிடம் யாராவது மறுபடி போவோமா?

ஆனால் நான் தையற்காரரை மாற்றுவதால் அவரிடம் தைக்கும் இன்னொருவரின் சட்டை கெடுவதில்லை. பள்ளி அப்படியல்ல. ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பின்னக் கணக்கை நான் சொன்னதைவிடத் தெளிவாகப் பக்கத்து பெஞ்சுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவள் டிசி வாங்கிப் போன பிறகு அந்த பெஞ்சில் மூன்று பேரின் நோட்டு பாதிப் பக்கத்தோடு நின்றுபோனது. அவள் போனது அவளுக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிலி நாட்டில் 1981ல் ராணுவ ஆட்சி இந்த யோசனையை நாடு முழுக்கச் செய்து பார்த்தது. பிள்ளை எங்கே சேர்கிறதோ அரசுப் பணம் அங்கே போகும். அப்போது பத்தில் எட்டுப் பிள்ளைகள் வரை பொதுப் பள்ளியில் படித்தார்கள். முப்பது சொச்சம் வருடத்தில் அது நாலுக்கும் கீழே வந்துவிட்டது. போட்டியில் எல்லாப் பள்ளிகளும் உயரும் என்றார்கள். பாடம் நடத்துவதில் போட்டி போடுவதைவிடச் சுளுவான வழி, நல்ல மார்க் வாங்கக்கூடிய பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்ப்பது. பள்ளிகள் அதைத்தான் செய்தன: நுழைவுத் தேர்வு, பெற்றோருக்கு நேர்காணல், மேல் கட்டணம். 2006லும் 2011லும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2015ல் வந்த சட்டம்தான் இவற்றைப் படிப்படியாக நிறுத்தியது. ஸ்வீடனில் 1992லிருந்து இதே ஏற்பாடு. கட்டணம் வாங்கக்கூடாது என்று கறாரான விதியும் உண்டு. ஆனாலும் பல தனியார் பள்ளிகளில் வரிசையில் முந்தியவருக்கு முதலிடம் என்பதால், குழந்தை பிறந்த கையோடு பெயர் பதிந்துவைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எங்கேயும் விவரம் தெரிந்தவர்கள்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கொலம்பியாவில் 1991ல் ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிக்கான வவுச்சர் கொடுத்தார்கள். தட்டுப்பாடு வந்த இடங்களில் குலுக்கல். குலுக்கலில் வவுச்சர் விழுந்தவர்கள் விழாதவர்களைவிட நன்றாகவே படித்தார்கள். நம்புகிறேன். என் மகளையே பார்க்கிறேனே.

மிச்சமிருப்பவர்களைத்தான் பதிவேட்டை மூடிய பிறகும் மறக்க முடியவில்லை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970லேயே இதைத் தொட்டு எழுதியிருக்கிறார்: ஓர் இடம் கெடத் தொடங்கினால், தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள்தான் முதலில் கிளம்புவார்கள், இருந்திருந்தால் அதிகமாகச் சத்தம் போட்டிருக்கக்கூடியவர்களும் அவர்களே. எங்களுக்கு ஒரு லாரி டிரைவர் அப்பா இருந்தார். பெண்கள் கழிப்பறைக்குக் கதவு போடும்வரை மாதாமாதம் வந்து தலைமை ஆசிரியர் அறை வாசலில் உட்கார்ந்துகொள்வார். கதவு வந்தது. மறுவருடம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் கீல் கழன்ற கதவு எட்டு மாதம் சுவரில் சாய்ந்தே கிடந்தது. கேட்க ஆள் இல்லை. (நான் கேட்டிருக்கலாம். எழுத்தில் கேட்கவில்லை.)

போன வருடம் ஒரு வேகத்தில் காரணத்தை உண்மையாகவே கேட்டு எழுதத் தொடங்கினேன். விலகியவர்கள் பதினாலு பேர். அதில் ஏழு பேரின் வீட்டில் சொன்னது ஒன்றே: இரண்டு வருடமாக அறிவியலுக்கு ஆசிரியர் இல்லை. பட்டியலோடு மேல் அலுவலகத்துக்கு எழுதினோம். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டபடியால் அறிவியல் ஆசிரியர் பணியிடம் வேறு பள்ளிக்கு மாற்றப்படுகிறது. வாத்தியார் இல்லாததால் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் போனதால் வாத்தியார் இனி வரமாட்டார். கடிதத்தில் தப்பு என்று எதையும் காட்ட முடியாது, விதிப்படிதான் இருந்தது. பதிவேட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன்.

தலைமை ஆசிரியர் இந்த வருடம், "பழையபடியே எழுதிடுங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் ஒரு அம்மா டிசி கேட்டு வந்தார். மகன் ஆறாம் வகுப்பு. இன்னும் எந்தப் பள்ளி என்று முடிவு செய்யவில்லையாம். கையெழுத்து போட்டுவிட்டு, "உங்க பொண்ணு எங்க சார் படிக்குது?" என்று கேட்டார். குத்திக்காட்டுகிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை, நிஜமாகவே விசாரித்தார். பள்ளியின் பெயரைச் சொன்னேன். நல்லா சொல்லித்தராங்களா என்றார். ஆமாம் என்றேன். ஃபீஸ் எவ்வளவு என்றார். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் குடும்பச் சூழல் என்று எழுதினேன்.