ஒன்பதாம் எண் கூண்டு எட்டைவிட மோசமானதா?

ஐப்பசி பிறந்ததும் கடலூரிலும் புதுச்சேரியிலும் டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம்." "மூணுதானே? பத்து வரைக்கும் இருக்குல்ல, பார்த்துக்கலாம்." ரேடியோ காலத்திலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய செய்தி இது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்தான் அது. ஆனாலும் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், துறைமுகம் இருக்கும் கடலூர் முதுநகரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட "நம்பர் ஏற ஏற ஆபத்து ஏறும்" என்றுதான் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் போனால், எந்தப் பக்கமிருந்து ஆபத்து வரப்போகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

மொத்தம் 11 எண்கள். 1 என்றால் தூரக் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கிறது. 2 என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது, துறைமுகத்தைவிட்டுக் கிளம்பும் கப்பல்கள் கவனமாக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் துறைமுகத்துக்கு நேரடி ஆபத்து இல்லை. 3-இல்தான் பேச்சு நம் ஊருக்கு வருகிறது: பலத்த காற்று துறைமுகத்தைத் தாக்கலாம். 4 என்றால் கடலில் இருக்கும் புயல் பிறகு இந்தத் துறைமுகத்தைப் பாதிக்கக்கூடும். ஆக, 2-க்கும் 3-க்கும் இடையில் நடப்பது ஒரு படி ஏற்றம் மட்டுமல்ல, "அங்கே" என்பது "இங்கே" ஆகிறது. மூன்றுதானே என்று அசட்டையாக இருக்க இதில் எதுவும் இல்லை.

அடுத்தவை மூன்று மூன்றாகச் சேர்ந்து வரும். 5, 6, 7 மூன்றும் ஒரே வலிமையுள்ள புயலைக் குறிக்கும். 8, 9, 10 மூன்றும் தீவிரப் புயலுக்கு. ஒரு குழுவுக்குள் எண் மாறுவது திசையால்தான். 5-உம் 8-உம் என்றால் துறைமுகம் புயலின் இடது பக்கம் இருக்கும்படி புயல் கரையைக் கடக்கும். 6-உம் 9-உம் என்றால் துறைமுகம் வலது பக்கம். 7-உம் 10-உம் என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகே. 11 வலிமையைப் பற்றியதே இல்லை. புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

இடது, வலது என்பதைப் புயலோடு சேர்ந்து நடக்கிற ஆளின் கையை வைத்துச் சொல்ல வேண்டும். வங்கக்கடலிலிருந்து மேற்கே நடந்து வருகிறவருக்கு இடக்கைப் பக்கம் தெற்கு, வலக்கைப் பக்கம் வடக்கு. நம் பக்கம் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதனால் மையத்துக்குத் தெற்கே இருக்கும் ஊரில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். வடக்கே இருக்கும் ஊரில் கடலிலிருந்து தரைக்கு வீசும். கடல் நீரை ஊருக்குள் தள்ளுவது இந்த வடக்குப் பக்கத்துக் காற்றுதான்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நேர்க்கோட்டில் சுமார் 20 கி.மீ. இந்த இடைவெளிக்குள் ஒரு புயல் நுழைந்தால் புதுச்சேரி வலது பக்கம், கடலூர் இடது பக்கம். புயல் கடலூருக்குத் தெற்கே, பரங்கிப்பேட்டைப் பக்கமாகக் கடந்தால் இரண்டு ஊருமே வலது பக்கம். அப்போது கடலூரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். கெடிலமும் உப்பனாறும் கடலில் கலக்கும் முகத்துவாரத்தைக் கடல் நீர் எதிர்த்து நிற்கும். ஆற்று வெள்ளம் வடிய வழியில்லாமல் பின்வாங்கி ஊருக்குள் ஏறும். அதனால் 9-ஆம் எண் 8-ஐவிட "பெரிய" புயல் இல்லை என்றாலும், கரையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு 6-உம் 9-உம்தான் கடல் உள்ளே வருவதற்கான எண்கள். இதைச் செய்தியில் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இதே அளவுக்குக் குழப்பம் வேகத்திலும் உண்டு. "கடலூருக்குக் கிழக்கே 300 கி.மீ. தொலைவில் மையம், மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் நகர்கிறது" என்று கேட்டதும் "பன்னிரண்டு கிலோமீட்டர்தானா, சைக்கிள் வேகம்" என்று சிரிக்கிறார்கள். அது புயல் இடம்பெயரும் வேகம். சுழலும் காற்றின் வேகம் தனி. இடம்பெயரும் வேகத்தை வைத்து நேரம் கணக்கிடலாம்: 300-ஐ 12-ஆல் வகுத்தால் 25 மணி நேரம். அதுவும் மையம் வந்து சேரும் நேரம். காற்றும் மழையும் அதற்குப் பல மணி நேரம் முன்பே வந்துவிடும். மெதுவாக நகரும் புயல் நல்லது என்று நினைப்பதும் தவறு. மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் அதிக நேரம் மழை கொட்டும்.

புயலுக்கு வைக்கும் தரமும் காற்றைப் பற்றியது மட்டுமே. மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரை புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல், 118 முதல் 166 வரை மிகத் தீவிரப் புயல். மழைக்கு இதில் இடமே இல்லை. 2011 டிசம்பர் 30 காலை கடலூர் அருகே கரையேறிய 'தானே', 120 முதல் 140 கி.மீ. வேகக் காற்றோடு வந்த மிகத் தீவிரப் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் 70, 80 கி.மீ. காற்றோடு வந்த வெறும் புயல், அதாவது புயல் என்ற பெயருக்கான ஆகக் கீழ்ப் படி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரிலும் மரத்திலும் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். தானேயில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது அதனால்தான். ஃபெஞ்சலோ பல மணி நேரம் நகராமல் நின்று, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ. தாண்டப் பெய்தபோது வந்தது புயல்கூட இல்லை, பெயரே வைக்கப்படாத ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். "வலுவிழந்துவிட்டது" என்ற செய்தி காற்றுக்கு மட்டும்தான் பொருந்தும்.

மழை அளவைக் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி புரிந்துகொள்ள ஒரு கணக்கு: 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடி சுமார் 93 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் அந்த மாடியில் மட்டும் 9,300 லிட்டர் விழும். 46 செ.மீ. என்றால் 42,000 லிட்டருக்கு மேல், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றரை. மாடியின் வடிகுழாய் வாயில் வேப்பிலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டு 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் கூரைமேல் 9 டன்னுக்கு மேல் பாரம். துப்புரவு செய்வதை மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கொட்டும் மழையில் மாடி ஏறுவது ஆபத்து.

கடலூரில் வானம் வெளுத்த பிறகும் வெள்ளம் வருவதற்குக் காரணம் தென்பெண்ணை. ஃபெஞ்சலின்போது அந்த ஆற்றின் குறுக்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். ஒரு லட்சம் கன அடி 24 மணி நேரம் ஓடினால் 8.64 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). சாத்தனூரின் முழுக் கொள்ளளவே 7 டி.எம்.சி. சொச்சம்தான். ஆகவே உள்ளூர் மழையோடு திருவண்ணாமலை மாவட்டத்து மழைச் செய்தியையும் கவனிக்க வேண்டும்.

வானிலை அறிக்கையின் சொற்களுக்கும் அளவு உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல். மிக கனமழை 115.6 முதல். அதி கனமழை 204.5 முதல். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவு. "ஓரிரு இடங்களில் அதி கனமழை" என்பது லேசான எச்சரிக்கை ஆகாது, அந்த இடம் நம் தெருவாகவும் இருக்கலாம். காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்வதுதான் ஒரு நாள் கணக்கு என்பதால், இரவில் கொட்டியது மறுநாள் தேதியில் வரும்.

கரண்ட் போய், செல்போன் டவரும் விழுந்துவிட்டால் காற்றையே கேட்கலாம். கதவைத் திறக்க வேண்டாம், ஜன்னல் இடுக்கில் எந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது என்று பார்த்தால் போதும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று இடக்கையை நீட்டினால், ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் புயலின் மையம். புயல் கிழக்கே இருக்கும்போது காற்று வடக்கிலிருந்து வரும். அது மேற்காகத் திரும்பி, பிறகு தெற்காக மாறினால் மையம் நமக்கு வடக்கே கடந்து போகிறது. கிழக்காகத் திரும்பித் தெற்குக்குப் போனால் மையம் நமக்குத் தெற்கே. அதாவது நாம் வலது பக்கம், கடல் ஏறும் பக்கம்.

வடகாற்று ஊளையிட்டுக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எல்லாம் அடங்கினால், அது புயலின் கண். "நின்னுடுச்சு" என்று வெளியே வந்து அறுந்த ஒயரையும் சாய்ந்த மரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவர்களை அடுத்த பாதி பிடித்துக்கொள்ளும். அந்த அமைதி சில நிமிடமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். பிறகு தெற்கிலிருந்து அதே வேகத்தில் திரும்ப வரும். அதனால் தகரக் கூரையையும் மாடித் தண்ணீர்த் தொட்டியையும் கட்டும்போது வடக்கு முகத்தை மட்டும் பார்த்துக் கட்டக்கூடாது. தெற்குப் பக்க ஜன்னல்களின் கொக்கியையும் முதல் நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள்.