ஓர்க்காவோடு நீந்தப் போவதற்கு முன் நீரோடிக்குப் போனேன்

மார்த்தாண்டத்திலிருந்து கொல்லங்கோடு வழியாக நீரோடிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நார்வேயில் வேலை பார்க்கும் சித்தி மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ரப்பர் உடை போட்ட நாலு பேர் தண்ணீரில் மிதக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே, லாரி நீளத்துக்கு, கறுப்பும் வெள்ளையுமாக ஓர்க்கா ஒன்று சத்தமில்லாமல் நழுவிப் போகிறது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, நவம்பர்ல வா. எறங்கிரலாம்."

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பாதி ஆசை, பாதி பயம்.

நீரோடிக்குப் போனது ஓர்க்காவுக்காக இல்லை. நண்பனுடைய மகளின் புதுநன்மைக்கு, அதாவது சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்குக்கு. தமிழ்நாட்டின் மேற்குக் கடற்கரையில் அதுதான் கடைசி ஊர். அந்தப் பக்கம் நடந்தால் பொழியூர், கேரளம். இரண்டு பக்கமும் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது, இரண்டு பக்கமும் கல் கொட்டியிருக்கிறார்கள். எந்தக் கல் எந்த அரசாங்கத்துக் கல் என்று அலைக்குத் தெரியாது. கடை போர்டில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவாக மாறுவதில்லை.

பிரியாணி முடிந்ததும் நண்பனின் பெரியப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். எழுபது தாண்டியவர். தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்புக்குப் பேர் போனவர்கள். இவரும் கொச்சியிலிருந்து போட்டில் கிளம்பி லட்சத்தீவு தாண்டியெல்லாம் ஆயிரங்கால் தூண்டில் போட்டவர். 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்த பிறகு மகன்கள் இவரைக் கடலுக்கு விடவில்லை. அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஓங்கல் சாதி," என்றார்.

சரிதான். ஓங்கல் என்றால் டால்பின். 'கொலைத் திமிங்கலம்' என்று நம் பத்திரிகைகள் எழுதினாலும் ஓர்க்கா டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்திலேயே பெரியது. ஆண் எட்டு மீட்டர் வரை வளரும், எடை ஆறு டன்னை எட்டும். கொலை என்பதும் பொய்யில்லை. யாரை என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"பெரியப்பா, நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாக்காம? எனக்க தூண்டில்ல கெடந்த சூரையெ எத்தனெ வாட்டி தின்னிருக்கு! சுறா கடிச்சா வட்டமா, கத்தி வச்சு அறுத்த மாதிரி இருக்கும் மக்கா. இதுக தின்னா முள்ளுல தலெ மட்டும் தொங்கும். அதுக்க உதடு இருக்கும், ஒடம்பு இருக்காது."

சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்து, அதில் தொங்கும் தலையை இன்னொரு கையால் ஆட்டிக் காட்டினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். மூன்று படங்களை எடுத்து வரிசையாகக் காட்டினேன். ஓர்க்காவின் படத்தை ஒதுக்கித் தள்ளினார். "வெள்ளெ கெடயாது. இதுதான்." அவர் விரல் வைத்தது முழுக்கக் கறுப்பான இன்னொன்றின் மேல். ஆங்கிலத்தில் அதற்குப் 'பொய்யான கொலைத் திமிங்கலம்' என்ற பொருளில் பெயர். நம் மாதிரி வெதுவெதுப்பான கடல்களில் தூண்டிலில் கிடக்கும் சூரை மீனைத் திருடுவதில் அதுதான் கெட்டிக்காரன். ஓர்க்காவும் இந்தப் பக்கம் வருவதுண்டு; இலங்கைக் கடலில் படம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அபூர்வம். மூன்றாவது படம், 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 80-க்கு மேல் கரை ஒதுங்கினவே, அந்தக் குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கலம். அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

தென்னாப்பிரிக்காவில் இரண்டு ஆண் ஓர்க்காக்கள் வெள்ளைச் சுறாவைக் கிழித்து ஈரலை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போகின்றன என்று சொன்னேன். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சுறா ஈரல் எண்ணெய் காய்ச்சிய ஊர் அல்லவா.

"ஈரலா? வெவரமான சாதிதான்!"

ஓர்க்காவைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயமே இந்தச் சாப்பாட்டு விவகாரம்தான். நியூசிலாந்தில் உள்ளவை கரையோரம் வந்து திருக்கை தேடுகின்றன. அமெரிக்காவின் வடமேற்குக் கடலில் ஒரு கூட்டத்துக்குப் பெரும்பாலும் சால்மன் மீன், அதே கடலில் இன்னொரு கூட்டத்துக்குச் சீல் மாதிரிக் கடல் பாலூட்டிகள். நார்வேயில் பெரும்பாலும் ஹெர்ரிங், நம்மூர்ச் சாளைக்குச் சொந்தக்கார மீன். தாய் எதைத் தின்னக் கற்றுக் கொடுத்ததோ அதுதான் சாப்பாடு. மனுஷன் எந்த வீட்டு மெனுவிலும் இல்லை. காட்டு ஓர்க்கா ஒன்று மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவே கிடையாது. 1972-இல் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குக்குப் போன ஒருவரின் காலைக் கடித்துவிட்டு விட்டுவிட்டது, அவர் பிழைத்தார். தொட்டியில் அடைத்தவை கதை வேறு. 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடித்துப்போன 'திலிகும்' என்ற ஓர்க்கா 1991, 1999, 2010 என்று மூன்று சாவுகளில் சம்பந்தப்பட்டது. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுக்கல் கரைகளில் ஒரு கூட்டம் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைக்கிறது. சில படகுகள் மூழ்கின. ஆட்களைத் தொடவில்லை.

இதையெல்லாம் படித்துத் தைரியம் வந்ததுதான் தப்பு.

மறுநாள் விடியற்காலையில் நண்பனின் மச்சானுடைய வள்ளத்தில் விழிஞ்ஞத்திலிருந்து கிளம்பினோம். 2025-இல் திறந்த புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கிகள் மாதிரி பின்னால் நின்றன. ஒரு மணி நேரத்தில் ஓங்கல் கூட்டம் வந்தது. பத்துப் பதினைந்து இருக்கும். மூச்சு விடும் 'புஸ்' சத்தம், குக்கரின் முதல் ஆவி மாதிரி. மச்சான் என்ஜினை அணைத்தார். நான் சட்டையைக் கழற்றினேன். அவர் "சார்" என்று வாயைத் திறப்பதற்குள் குதித்துவிட்டேன்.

தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் பச்சை. வேறொன்றும் இல்லை. நான் விழுந்த சத்தத்திலேயே கூட்டம் போய்விட்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் வள்ளம் எங்கேயோ இருக்கிறது. குழித்துறை ஆற்றில் நீச்சல் படித்தவன் நான், ஒரு கரை போனால் மறுகரை கண்ணுக்குத் தெரியும். இங்கே கை போடப் போட வள்ளம் அதே தூரத்தில் நின்றது. முன்கையில் சொறி, அதுதான் ஜெல்லி மீன், ஒன்று உரசி, மிளகாய் அரைத்துத் தேய்த்த மாதிரி எரிந்தது. மச்சான் கயிறு வீசிப் பிடித்து இழுத்தபோது மூன்று நான்கு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

"நீவாடு பாக்காம ஆரு சாடச் சொன்னது?" என்றார். நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். அவர் 'சார்' போடாமல் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு வள்ளத்தில் படுத்துக்கொண்டு ஷெர்வோய்தான் ஞாபகம் வந்தது. சித்தி மகன் கூப்பிடுகிற அந்த இடம் துருவ வட்டத்துக்கும் வடக்கே. நவம்பர் கடைசியிலிருந்து சூரியனே எழும்பாது. ஹெர்ரிங் வலை இழுக்கும் போட்டுகளைச் சுற்றித்தான் ஓர்க்காக்கள் கூடுகின்றன. அங்கேயே கூனல் திமிங்கலங்களும் அடியிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன. அது நம்மைத் தின்ன வருவதில்லை. நாம் மீன் கூட்டத்துக்கு நடுவில் மிதந்தால் அதற்கு எப்படித் தெரியும்? மேலே சுற்றுலாப் படகுகளின் புரொப்பெல்லர் வேறு. நியூசிலாந்தில் ஓர்க்காவோடு நீந்துவதே சட்டப்படி குற்றம். படகிலிருந்து ஓர்க்கா மேல் குதிக்கப் பார்த்த ஒருவருக்கு 2024-இல் 600 டாலர் அபராதம் போட்டார்கள். எனக்கு சொறி போட்டது.

கதை அதற்குள் நீரோடி முழுக்கப் பரவியிருந்தது. சாயங்காலம் பெரியப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தடிப்பு சிவப்பாக, நூல் நூலாக எழும்பியிருந்தது.

"அங்கே தண்ணி எப்பிடி, குளிருமா?"

"அஞ்சாறு டிகிரி இருக்கும் பெரியப்பா. அதுக்குன்னு உடை தருவாங்க."

ஒன்றும் சொல்லாமல் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மகனுடைய ஐஸ் பெட்டி கிடந்தது. மூடியைத் திறந்தார். உருகிய ஐஸ் தண்ணீரில் நாலு சூரை கண்ணை முழித்துக்கொண்டு கிடந்தன.

"கையெ வை."

முழங்கை வரை விட்டேன். அவர் எண்ண ஆரம்பித்தார், அவசரமே இல்லாமல், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி. இருபதில் விரல் நுனி வலித்தது. முப்பதில் எலும்பு. நாற்பத்தி இரண்டில் உருவிக்கொண்டேன். விரலை மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை.

"கயிறு வீசுனா எப்பிடிப் பிடிப்பெ?" என்று கேட்டுவிட்டு, பெட்டியை மூடி, மேலே கல்லைத் தூக்கி வைத்தார்.

ராத்திரி பஸ்ஸில் சித்தி மகனுக்கு இடது கையால் டைப் செய்தேன்: 'வாறேன்டே. படகுல மட்டும் ஒரு சீட்டு போடு.'