மனாவுஸ்: ரப்பர் வளர்த்த ஆற்றுத் துறைமுகம்

பிரேசிலின் மனாவுஸ் நகரைக் காண வேண்டும் என்ற என் நெடுநாள் ஆசை இந்த வாரம் நிறைவேறியது. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நெக்ரோ ஆற்றின் கரையில் இருந்தாலும், பெருங்கப்பல்கள் வந்து சேரும் துறைமுகம் இது. ஆற்றின் நீர்மட்டம் ஆண்டுக்குள் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குவதால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அமைத்த துறைமேடை நீரோடு சேர்ந்து உயர்ந்து தாழும்படி மிதக்கிறது.

1896இல் திறக்கப்பட்ட அமேசான் நாடக அரங்கத்தில்தான் அதிக நேரம் நின்றேன். இத்தாலியப் பளிங்கையும் ஐரோப்பிய இரும்பையும் காட்டின் நடுவே கொண்டுவந்து சேர்த்தது ரப்பர் பணம். அந்தப் பணத்துக்காக மரங்களைக் கீறிப் பாலெடுத்த தொழிலாளர்களோ கடனில் மூழ்கிக் கிடந்தனர். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் பகுதியிலிருந்து கொண்டுசென்ற ரப்பர் விதைகள் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் மலாயாவுக்கும் பரவியதால், 1910களில் இந்நகரின் வளம் சரிந்தது. மலாயாவில் அதே மரங்களில் பால் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதால், அந்த மாளிகையின் அழகை வலியில்லாமல் என்னால் பார்க்க முடியவில்லை. மனாவுஸுக்குச் செல்வோர், ஆறு நிறைந்தோடும் ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.